தறிக்குழியும் கரும்பலகையும்

போன வருஷம் கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் தென்னேரிக்கு எங்களைத் தேடி வந்தார்கள். தங்கள் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறார்கள். அவர்களைப் போலவே இன்னும் சில குடும்பங்களும் உண்டாம். பிள்ளைகளுக்கு நூல் நூற்கவும், நாரில் முடையவும், தறியில் நெய்யவும் மூன்று நாள் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார்கள். காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளியின் கூடத்தை அதற்குத் தர வேண்டும், அதற்குப் பணமும் தருவோம் என்றார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்க ஆயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏன்டி, நாம துட்டு வாங்கினு இல்ல தறியில உக்காந்தோம். இவங்க துட்டு குடுத்துட்டு உக்காருவாங்களா?" என்றது. கேலியாகக் கேட்கவில்லை. அதற்கு நிஜமாகவே புரியவில்லை.

எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆயா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் கதையை மட்டும் சொன்னால் போதாது. ஒரு நூற்றாண்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பங்கு. 1997இல் எனக்கு எட்டு வயசு. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது வாங்கிய கடனுக்காக, காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு என்னை விட்டார்கள். மூன்றாம் வகுப்பு அதோடு நின்றது.

காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். இதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் போட்டு வாங்க வேண்டும். அந்த ஆள் சின்ன ஆளாக இருந்தால் இடம் அடைக்காது, கூலியும் கேட்காது. கல்யாண வீடுகளில் கைபட்டுத் தடவிப் பார்த்து, "கெட்டிக் கரை" என்று மெச்சுகிறார்களே, அந்தக் கரையில் பாதி எங்களைப் போன்ற பிள்ளைகள் போட்டது.

காலையில் வந்ததும் தார் சுற்ற வேண்டும். பிறகு குழியின் ஓரத்தில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கலாம். இழை அறுந்தால் நெய்கிறவருக்கு முன்னால் நாம் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் தார்க்குச்சி மண்டையில் விழும். இழை எண்ணவும், எந்த மிதிக்கு எந்தப் பாவு திறக்கும் என்று சொல்லவும் ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டேன். எழுத்துக்கூட்டிப் படிப்பது மறந்துவிட்டது.

அந்த வீட்டில் எனக்குத் தனித் தம்ளர். தறி இருந்த கூடத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. பட்டை நான் தொடலாம், பானையைத் தொடக் கூடாது. நான் போட்ட கரையோடு அந்தப் புடவை எந்தச் சாமிக்கும் சாத்துவதற்குப் போகும். அதில் யாருக்கும் தீட்டு இல்லை.

ஒரு நாள் தெருவே பரபரப்பானது. 1996 டிசம்பரில் சிவகாசிப் பிள்ளைகள் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வேலைக்கு வைக்கிறவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தைத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தறிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "யாராச்சும் வந்து கேட்டா நான் உனக்கு மாமான்னு சொல்லு" என்றார். மற்ற நாளெல்லாம் அவரை நான் "மொதலாளி" என்றுதான் கூப்பிட வேண்டும். அன்று ஒரு மத்தியானம் மட்டும் அவர் எனக்கு மாமா ஆனார். வந்தவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தம்ளரையும் பார்த்தார். "மாமா வூட்ல இருந்து தொழில் கத்துக்குறியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் மாமா? நிறைய நாள் கழித்து, எம்.ஏ. தமிழ் முடித்து இயக்க வேலைகளுக்கு வந்த பிறகு, 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் விளங்கியது. துணி அச்சிடுதல், சாயம் போடுதல், நெய்தல் ஆகியவற்றில் பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. ஆனால் மூன்றாம் பிரிவிலேயே இரண்டு வாசலைத் திறந்து வைத்தது. தொழிலை நடத்துகிறவர் தன் குடும்பத்தாரின் உதவியோடு செய்தால் தடை இல்லை. அரசு நடத்தும் அல்லது அங்கீகரிக்கும் பள்ளியில் நடந்தாலும் தடை இல்லை. குடும்பம், பள்ளி. கல்வி என்று பேர் வைத்தால் உழைப்பு மறைந்துபோகும் இரண்டு இடங்கள் இவைதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1986 சட்டத்தின் விளக்கப்படி குடும்பம் என்றால் தொழில் நடத்துகிறவர், அவர் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். அதில் மாமாவும் இல்லை, மருமகளும் இல்லை. சட்டப்படி பார்த்தால் என்னைச் சொல்லச் சொன்ன பொய்கூடச் செல்லாத பொய். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயசுக்குள் எந்த வேலையும் கூடாது என்று ஒரு கையால் கொடுத்தார்கள். ஆபத்தானவை என்று பட்டியலிட்டதைத் தவிர மற்ற குடும்பத் தொழில்களில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று இன்னொரு கையால் எடுத்தார்கள். அந்தத் திருத்தத்தில் குடும்பம் என்பதற்குப் புது விளக்கம் வந்தது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு அப்பாவின் உடன்பிறந்தவர்களும் அம்மாவின் உடன்பிறந்தவர்களும் சேர்ந்தார்கள். அம்மாவின் உடன்பிறந்தவன் யார்? மாமா. 1997இல் என் வாயில் திணித்த பொய், 2016இல் சட்டப் புத்தகத்தில் சொல்லாக உட்கார்ந்துவிட்டது. எந்தத் தொழில் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை வக்கீல்கள் பேசட்டும். பிள்ளையின் பள்ளி நேரம் போக மிச்ச நேரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் நம்முடைய கேள்வி.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை.

1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி தன் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்பது அதன் சாரம். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. தக்ளியும் ராட்டையும் வகுப்பறைக்குள் வந்தன. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. கைவேலையை இழிவாக நினைத்த சாதிக்காரப் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுத்தருவது நல்ல வைத்தியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலங்காலமாகக் கையை மட்டுமே வைத்துப் பிழைக்க விட்டவர்களின் பிள்ளைக்கும் அதே மருந்தா? கை ஓய்ந்து உட்கார்ந்து எழுத்தைப் பார்க்கத்தானே அவன் பள்ளிக்கு வந்தான்?

1953 ஜூனில் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம். மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள், அந்தப் பெயரே நின்றது. கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம். மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். அதே வாத்தியார், அதே கட்டிடம், இரட்டிப்புப் பிள்ளைகள், செலவும் கூடாது என்பது அரசின் கணக்கு. நகரத்துப் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் இல்லை. இன்றைய சொல்லில் சொன்னால் கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் கட்டாய வீட்டுக்கல்வி.

பெரியார் இயக்கமும் தி.மு.க.வும் பொதுவுடைமையாளர்களும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1953 ஜூலை 29 அன்று திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்து 138, எதிர்த்து 138. சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை. 1937இல் சென்னை மாநகராட்சியின் மேயரான நம்மவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். தீர்மானத்துக்கு ஆதரவாக அவர் வாக்கு விழவில்லை, தீர்மானம் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் இன்னொரு தீர்மானம் நூலிழையில் நிறைவேறியது. பருலேகர் குழு திட்டத்துக்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராசர் வந்தார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

சிவசண்முகம் பிள்ளையை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரு நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்துவிட்டால் சேரிப் பிள்ளையின் மத்தியானம் தானாக மீண்டுவிடாது என்பதை மறக்காமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

குலக்கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தச்சன் மகன் தச்சன், வண்ணான் மகன் வண்ணான் என்று பேசுவார்கள். எங்க ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். திரையன் வெட்டிய ஏரி, திரையனேரி, அதுதான் தென்னேரி ஆனது என்பார்கள். சோழர் காலத்தில் இது சதுர்வேதிமங்கலம். கந்தளீசுவரர் கோயில் சுவரெல்லாம் எழுத்து. யாருக்கு எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு நீர் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். இந்த ஏரித் தண்ணியில் நாற்றுப் பிடுங்கி நட்டவர்களின் பிள்ளை 1953இல் மத்தியானம் வீட்டுக்குப் போனால் எந்தத் தொழிலைக் கற்றிருக்கும்? மாடு மேய்ப்பதும் சாணி அள்ளுவதும்தான். அப்பன் தொழில் என்று ஒன்று இருந்தால்தானே குலக்கல்வி? அப்பனே இன்னொருத்தன் படியாளாக இருந்தால் அது குல அடிமைத்தனம். அம்பேத்கர் 1936இலேயே சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று வாதாடியதை இங்கே வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும்.

படியாள் என்று சும்மா சொல்லவில்லை. 1891இல் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். கடனுக்காக உழைப்பை அடகு வைத்து எழுதிக்கொடுத்தவர்களைப் பற்றி அதில் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் கிடைத்தது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் போனது. கடன் மட்டும் அப்படியே இருந்தது. 1891இல் நிலத்துக்காரனிடம் எழுதிக்கொடுத்த சீட்டு, 1997இல் தறிக்காரரிடம் வாங்கிய முன்பணமாக மாறியது. நடுவில் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதில் பேசும் பிள்ளைகளின் வார்த்தைகளைப் படித்தபோது பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசுவது மாதிரியே இருந்தது.

ஆக, தறியைக் கொளுத்திவிட வேண்டுமா? என் தோழர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். "அவங்க பிள்ளைக்குப் பொழுதுபோக்கு, நம்ம பிள்ளைக்குப் பொழப்பு. கூடத்தக் குடுக்காத" என்றார். எனக்கும் பாதி மனசு அதுதான். ஆனால் இன்னொரு வரலாறும் இருக்கிறது.

காஞ்சிபுர நெசவு என்றால் சாலியர், கைக்கோளர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்றுதான் எழுதுவார்கள். விஜயநகரக் காலத்து வரி வசூல் கல்வெட்டுகளில் கைக்கோளத்தறி, சாலியத்தறி என்பதோடு பறைத்தறி என்றும் ஒன்று வருகிறது. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றி ஆராய்ந்த விஜயா ராமசாமியின் நூல் இதையெல்லாம் பேசுகிறது. வரி போட்டிருக்கிறான் என்றால் தறி இருந்திருக்கிறது. நெய்தவன் இருந்திருக்கிறான். 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளில் கோலியர் என்ற நெசவாளரைப் பறையரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். வள்ளுவரை மயிலாப்பூரில் நெய்து பிழைத்தவர் என்று சொல்லும் கதை நாமெல்லாம் கேட்டதுதான். முரட்டுத் துணி நெய்து ஊருக்கே உடுத்தக் கொடுத்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். மில் நூலும் மில் துணியும் வந்து அந்தத் தறிகளைத் தின்றுவிட்டன. பட்டுக்குப் பாட்டும் புகழும் கிடைத்தது, முரட்டுத் துணிக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பிறகு நாம் திரும்பத் தறிக்கு வந்தபோது நெசவாளியாக வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கரை போடுகிற கூலியாக வந்தோம்.

அதனால் தறி நம்முடையது இல்லை என்றும் சொல்ல முடியாது, நம் குலத்தொழில் என்றும் சொல்ல மாட்டேன். குலம் வேண்டாம். அறிவு மட்டும் நமக்கு வேண்டும்.

கடைசியில் கூடத்தைக் கொடுத்தோம். ஒரு நிபந்தனையோடு. எங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவார்கள், கற்றுத்தருகிறவர் எங்க அத்தை. பதினெட்டு வருஷம் காஞ்சிபுரத்தில் கூலித் தறியில் நெய்தவர் அவர். ஒருவரும் அவரை வாத்தியார் என்று கூப்பிட்டதில்லை. அந்த மூன்று நாளும் பிள்ளைகள் "டீச்சர்" என்றார்கள். முதல் நாள் அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தார், மூன்றாம் நாள் அதட்டவே ஆரம்பித்துவிட்டார். அட்டையில் ஆணி போல நறுக்கி நூலைக் கட்டிப் பாவு காட்டினார். வாழை நாரைக் கிழித்துத் திரிக்கக் காட்டினார். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். இத்தனை அங்குலத்துக்கு இத்தனை இழை, ஒரு முழத்துக்கு எவ்வளவு நூல், அதன் விலை என்ன, நெய்தவருக்குக் கூலி எவ்வளவு, கடையில் விலை எவ்வளவு. கடைசிக் கணக்கில்தான் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வாயைப் பிளந்தார்கள்.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சென்னைப் பெண்ணுக்குப் பத்து வயசு இருக்கும். எங்க பிள்ளை ஒருத்தி அவளிடம் கேட்டாள்.

"நீ எந்த இஸ்கூலு?"

"நான் ஸ்கூல் போறதில்ல."

"யாரு நிறுத்துனது?"

"அப்பாதான்."

எங்க பிள்ளை குரலைத் தாழ்த்தி, "எவ்ளோ அட்வான்ஸ் வாங்குனாரு?" என்று கேட்டாள்.

அவளுடைய சித்தி குடும்பம் செங்கல் சூளைக்குப் போய் ஒரு வருஷம் கழித்துத் திரும்பிய குடும்பம். பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால் அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். சென்னைப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அம்மாவுக்குப் புரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிறவர். பள்ளியை வேண்டாம் என்று சொல்ல ஒரு குடும்பத்துக்கு எத்தனை தலைமுறைப் படிப்பு வேண்டியிருக்கிறது என்பது மட்டும் அன்று அங்கே வெட்டவெளிச்சமானது. அந்தப் பெண் நாளைக்கே அட்டைத் தறியை மூலையில் போட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகலாம். திறந்தநிலைப் பள்ளியில் தேர்வு எழுதலாம், கல்லூரிக்கும் போகலாம். நான் எழுந்திருக்க வேண்டுமானால் முன்பணத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. என் அம்மா இரண்டு வருஷம் கழனி வேலை செய்து அதைத் திருப்பினாள். நான் பதினோரு வயசில் மறுபடி மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன்.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து ஆறிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் படிப்பு உரிமையானது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம், உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பத்து நாள் என்கிறது. தமிழ்நாட்டில் உடனே குலக்கல்வி என்ற சொல் எழுந்தது. அது நியாயமான பயம். எழுபது வருஷம் ஆகியும் அந்தச் சொல்லுக்கு இன்னும் சூடு ஆறவில்லை. பிள்ளைக்குக் கைவேலை கற்றுத்தரும் எந்தத் திட்டத்தையும் நாம் சில கேள்விகள் கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் உண்டா? பள்ளி நேரத்தைத் தின்கிறதா? செய்த பொருளை யார் விற்கிறார்? பிடிக்காவிட்டால் பிள்ளை எழுந்து போகலாமா?

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டது. "அது சரி, ஒங்க அத்தைக்கு மூணு நாள் கூலி குடுத்தாங்களா?" என்றது. கொடுத்தார்கள், வாத்தியார் சம்பளமாகவே கொடுத்தார்கள் என்றேன். "அப்ப சரி" என்று வெற்றிலையை மடித்தது.

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் தறியோரம் உட்கார்ந்து கரை போட்ட பிள்ளைகள் இன்று முப்பது நாற்பது வயசில் இருக்கிறோம். கம்பெனி வேனில் போகிறோம், ஆட்டோ ஓட்டுகிறோம், சிலர் வாத்தியாராகவும் இருக்கிறோம். பட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் நம்மிடம் வரப்போவதில்லை. நாமே எழுத வேண்டும். எந்த வயசில் உட்கார்ந்தீர்கள், எவ்வளவு முன்பணம், யாரை மாமா என்று சொல்லச் சொன்னார்கள், எப்படி எழுந்து வந்தீர்கள் என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், எங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.